அந்தப் பிலிமைப் பற்றிப் பேசக்கூடாது

அந்தப் பிலிமின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்று எங்கள் குழுவில் ஒரு விதி இருக்கிறது. விதியைப் போட்டபோது அதை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான். இன்றைக்கு அதை யாரைவிடவும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பவனும் நான்தான். இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல!

அது ஒரு கலர் ஸ்லைடு பிலிம். நெகட்டிவ் இல்லை. கழுவி வந்தால் பிலிமிலேயே படம் அசல் நிறத்தில் இருக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் சின்ன பிளாஸ்டிக் சட்டத்துக்குள் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தை நாங்கள் மவுன்ட் என்போம். அந்தப் பிலிம் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிலிம் மட்டுமா, அதைக் கழுவுகிற மருந்தும் போய்விட்டது. பழைய ரோல் ஒன்றைப் பிரிட்ஜுக்குள் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் அதைக் கலராகக் கழுவித் தர ஆள் கிடையாது. இப்படி ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்த ஒன்றுக்காகத்தான் நெய்வேலியில் நாங்கள் அடித்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் பத்துப் பதினைந்து பேர். இந்தக் காலத்திலும் பிலிம் கேமராவை விடாத கிறுக்குகள். மைன்ஸ் என்கிற நிலக்கரிச் சுரங்கத்திலும் தெர்மல் என்கிற அனல்மின் நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பாதி, இன்னும் ஷிப்ட் போய்க்கொண்டிருப்பவர்கள் மீதி. டவுன்ஷிப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் உண்டு. நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் கூடுவோம். மற்ற நாட்களில் போனில் ஒரு குழு. அந்தக் குழுவுக்கு அட்மின் என் நண்பன்.

அவனும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் மைன்ஸில் கன்வேயர் பிரிவு, அவன் தெர்மலில் கருவிகளைப் பழுது பார்க்கிற பிரிவு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே க்வார்ட்டர்ஸில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள். நான் படபடவென்று பொரிகிற ஆள். அவன் ஒரு வார்த்தை பேசுவதற்குள் டீ ஆறிவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கேமரா ஒன்றுதான்.

இனி அந்த ஸ்லைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் எனக்கு மரியாதையும் இல்லை, அவமானமும் இல்லை.

ஆயுத பூஜை அன்று குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மைன்ஸுக்குள் போகலாம். மற்ற நாளில் எட்டிப் பார்க்க முடியாத இடத்துக்கு, அன்று மட்டும் பெண்டு பிள்ளைகள் பட்டுச் சேலையும் புதுச் சட்டையுமாக வந்து இறங்குவார்கள். மண் வெட்டுகிற ராட்சத மெஷினுக்கு வாழை மரம் கட்டி, அதன் சக்கரத்தில் இருக்கிற ஒவ்வொரு பக்கெட்டுக்கும் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூஜைக்கு என் மனைவியை அழைத்துப் போனேன். திருவதிகைப் பெண். அரக்குச் சிவப்பில் சேலை கட்டிக்கொண்டு அந்தச் சக்கரத்தின் முன்னால் நின்றாள். சிங்கப்பூரில் இருந்த அவள் சித்தப்பா கல்யாணத்துக்கு வந்தபோது எனக்கு ஒரே ஒரு ரோல் பிலிம் கொடுத்திருந்தார். அந்தப் பிலிம்தான். அன்றைக்கு என் கேமராவில் அதைப் போட்டிருந்தேன். நண்பனும் தன் கேமராவோடு வந்திருந்தான். அவனிடம் இருந்தது சென்னையில் ஏதோ ஒரு கடையில் தேதி முடியப் போகிறது என்று கழித்துவிட்ட சாதாரண ஸ்லைடு பிலிம்.

அந்த வாரமே அவன் சென்னைக்குப் போனான். என் ரோலையும் அவனிடமே கொடுத்தேன். என்னுடையதை அங்கிருந்து பம்பாய்க்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். பல வாரம் கழித்து, பம்பாயிலிருந்து அந்தப் பிலிமின் பெயரோடு வந்த டப்பாவில் ஐந்தாறு ஸ்லைடுகளைப் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான். மவுன்ட் எல்லாம் அவனே போட்டிருந்தான். "மத்தது கழுவறப்ப போயிடுச்சாம். என் ரோலு மொத்தமும் வெளிச்சம் பட்டுப் போச்சு" என்றான். நான் அதை எங்கே கேட்டேன்? என் கையில் இருந்த ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமந்தி மஞ்சள், இரும்பின் சாம்பல், நடுவில் அந்தச் சிவப்பு. அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

அன்று பிடித்தது கிறுக்கு. அந்தப் பிலிமைப் பற்றி வந்ததை எல்லாம் படித்தேன். பிறகு நெட் வந்ததும் கேட்கவே வேண்டாம். எந்த ஊரில் எவன் அதைப் பற்றி எழுதினாலும் எனக்குத் தெரியும். இந்தச் சிவப்பு வேறு எந்தப் பிலிமிலும் வராது, வரவே வராது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சத்தியம் செய்யாத குறை. முடிய வேண்டிய எண்ணைத் தாண்டியும் அந்த ரோல் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்ததாம், அவ்வளவு தாராளமான பிலிமாம்! இதையும் பெருமையாகச் சொல்வேன். நான் வாழ்நாளில் அந்தப் பிலிமை உபயோகித்தது அந்த ஒரு தடவைதான். ஆனால் பேச்சைக் கேட்டால் அதைப் போட்டே வளர்ந்தவன் என்று நினைப்பீர்கள்.

அந்த ஸ்லைடிலிருந்து பெரிதாகப் படம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். அதில் ஒரே ஒரு குறை. என் மனைவி லென்ஸைப் பார்க்கவில்லை. அவள் பார்வை வலது ஓரமாகப் போகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், "நிறத்தைப் பாருங்க, இவ கோணப் பார்வையப் பாக்காதீங்க" என்பேன். அவளுக்குச் சுருக்கென்று வரும்.

"நான் உங்களத்தான் பாத்துகினு இருந்தேன்."

"என்னப் பாத்திருந்தா லென்ஸப் பாத்திருக்கணும். கேமரா பின்னாடி நான்தான நின்னேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களத்தான் பாத்தேன்."

இந்தப் படம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தீராமல் ஓடுகிற வழக்கு இது. ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயிப்பேன்.

சண்டை எப்படி வந்தது என்றால், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை செய்கிற ஒருவர் புதிதாகக் குழுவில் சேர்ந்தார். பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எந்தப் பிலிம் போடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் கேட்டார். என் நண்பன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"கடையில எது கிடைக்குதோ அதப் போடுங்க. போட்டு முடிச்சு லீவரத் தள்ளறப்ப, இடது பக்கக் குமிழ் கூடவே சுத்துதான்னு மட்டும் பாருங்க. சுத்தலைன்னா பிலிம் மாட்டலைன்னு அர்த்தம். எத்தன படம் எடுத்தாலும் ஒண்ணும் விழாது."

புதிதாக வருகிற எல்லோருக்கும் அவன் முதலில் சொல்வது இதுதான். "எல்.கே.ஜி. பாடத்த மூட்ட கட்டி வைய்யா" என்று நான் உள்ளே புகுந்தேன். புகுந்தவன் அந்தப் பிலிமில்தான் போய் நின்றேன். போனை எடுத்து ஸ்லைடைக் காட்டினேன். சிவப்பு, சாமந்தி, சிங்கப்பூர் எல்லாம் வந்தது. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க சார் கிடைக்கும்?" என்றார்.

"கிடைக்காது. நிறுத்திட்டான். கிடைச்சாலும் கழுவ முடியாது."

"பின்ன எதுக்கு சார் இவ்ளோ நேரம் சொன்னீங்க?"

டீக்கடையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டி வைத்தேன். அதற்கடுத்த வாரம்தான் நண்பன் குழுவில் அந்த அறிவிப்பைப் போட்டான். இனி அந்தப் பிலிமைப் பற்றி இங்கே பேச வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம், கிடைக்கிறதைப் பற்றிப் பேசுவோம்.

குழு இரண்டாக உடைந்தது. கிடைக்காத ஒன்றைப் பற்றிப் பேசிப் பேசிப் புதிதாக வருகிறவனை ஓட வைக்கிறோம், விதி சரிதான் என்றது ஒரு கட்சி. பேசுவதால் யாருக்கு என்ன குடி முழுகிப் போகிறது என்றது எங்கள் கட்சி. படத்தைக் காட்டலாம், பிலிமைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று நடுவில் ஒரு சமாதானக் கட்சி. பெயர் சொல்லக்கூடாதாமே என்று சிலர் 'அவரு', 'இவரு' என்று புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள்போல எழுத ஆரம்பித்தார்கள். ஒரு குசும்பன் அந்தப் பிலிம் டப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று போஸ்டர் அடித்துப் போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "யாரக் கேட்டுய்யா ரூல் போட்ட?" என்று ஆரம்பித்தது, வாய் அதன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது.

"உனக்கு அந்தப் பிலிமோட அரும எப்படிய்யா தெரியும்? அன்னிக்கு ரோலக் கெடுத்துகினு வந்தவன்தான நீ? எனக்குப் படம் வந்துச்சு, உனக்கு வரல. அந்த வயித்தெரிச்சல்லதான இப்ப ரூல் போடற?"

ரோலைக் கெடுத்தவன் என்று நான் அவனைச் சொல்வது புதிதில்லை. கேலியாக எத்தனையோ தடவை, எத்தனையோ பேர் நடுவில் சொல்லியிருக்கிறேன். அவனும் சிரித்துவிட்டுப் போவான். அன்று நான் சொன்னது கேலி இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. கடைக்காரர்கூடப் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "டீ ஆறுது, குடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நான் ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப்பை விட்டு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். க்வார்ட்டர்ஸ் அவர் பெயருக்கு மாறி, அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். இப்போது அவருக்கும் சர்வீஸ் முடிகிறது, காலி செய்துவிட்டு ஓசூரில் மகனோடு போய்த் தங்கப் போகிறார்கள் என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. போய்ப் பார்க்க வேண்டும்தான். ஆனால் போகவில்லை. விதியை எடுக்கட்டும், வருகிறேன் என்று வீராப்பு.

"போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க" என்று என் மனைவி தினமும் சொன்னாள். "அவங்க பாட்டுக்கு வூட்டக் காலி பண்ணிகினு பூட்டா, அப்புறம் யாராண்ட சண்ட போடுவீங்க?"

"அவன் வரட்டும்" என்றேன்.

இந்த நேரத்தில்தான் குழுவில் இருக்கிற டீச்சர், பள்ளிக்கூட ஹாலில் எங்கள் எல்லோருடைய படங்களையும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம் என்றார். எனக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. பேசத்தானே கூடாது? சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டினால் யார் என்ன செய்ய முடியும்! ஓசூருக்குப் போவதற்கு முன்னால் அவன் வந்து பார்க்கட்டும், அந்தச் சிவப்பு அவனுக்குப் பதில் சொல்லட்டும் என்று ஸ்லைடை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் வீட்டில் நல்ல ஸ்கேனர் இருந்தது. இரண்டு நாளில் போன் செய்தார்.

"சார், மவுன்ட்டுக்குள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு. பிரிச்சுத் துடைச்சுட்டு ஸ்கேன் பண்ணட்டுமா?"

"தாராளமாப் பிரிங்க, டீச்சர்" என்றேன்.

ஒரு காலைப்பொழுதில் குழுவில் டீச்சரிடமிருந்து படம் ஒன்று வந்ததாகப் போன் கூவியது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் படம் இருந்த இடத்தில், அட்மின் நீக்கிவிட்டார் என்று இருந்தது. அதன் கீழே டீச்சர் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. 'சாரோட புகழ்பெற்ற ஸ்லைடு, துடைச்சாச்சு!'

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பேசக்கூடாது என்றாய், சரி. இப்போது என் பெண்டாட்டி படத்தையே அழிக்கிறாயா? இவ்வளவு வன்மமா? சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். "சாப்ட்டுப் போங்க" என்று மனைவி பின்னால் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. அழித்த படத்தை டீச்சரிடம் கேட்டு வாங்கி, ஐம்பது தடவை குழுவில் போடுகிறேன், எத்தனை தடவை அழிக்கிறான் பார்க்கலாம் என்று பொருமிக்கொண்டே ஆர்ச்சைத் தாண்டி டவுன்ஷிப்புக்குள் போனேன்.

டீச்சர் கதவைத் திறந்ததும் முகம் வெளுத்துப் போனார்.

"சார், நீங்களா? நான் தெரியாமப் பண்ணிட்டேன் சார். ஓரம் எல்லாம் தெரியற மாதிரி ஸ்கேன் பண்ணா அழகா இருக்குமேன்னு அப்படியே போட்டுட்டேன். நான் அந்த எழுத்தக் கவனிக்கவே இல்ல."

"எந்த எழுத்து? எதுக்கு அழிச்சான் அவன்?"

"அவர் உடனே போன் பண்ணாரு. 'அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். நான் புது மவுன்ட் கொண்டாந்து தரேன், போட்டு மூடிக் குடுத்துடுங்க'ன்னு சொன்னாரு."

மேஜையில் வெளிச்சப் பலகை எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் மவுன்ட் இல்லாமல், என் ஸ்லைடு அம்மணமாகக் கிடந்தது. பிலிம் ஓரத்தில் பல்சக்கரம் மாட்டுகிற ஓட்டைகள் வரிசையாக இருக்கும் அல்லவா, அதையொட்டிப் பிலிமின் பெயரை அச்சடித்திருப்பார்கள். மவுன்ட்டுக்குள் இருக்கிறவரை அந்த ஓரம் வெளியே தெரியாது. குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

அந்தப் பிலிமின் பெயர் இல்லை. அன்றைக்கு என் நண்பன் போட்டிருந்த பிலிமின் பெயர் இருந்தது. கழித்துவிட்ட அந்தச் சாதாரண பிலிம்.

"தண்ணி தரட்டுமா சார்?" என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். முடிய வேண்டிய எண்ணைத் தாண்டியும் ஓடிய ரோல். ஓடியது லீவர் மட்டும்தான். பிலிம் உள்ளே மாட்டவே இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும் குமிழ் சுத்துதான்னு பாரு, குமிழ் சுத்துதான்னு பாரு என்று அவன் சொன்னானே, அது என்னிடம் கற்ற பாடம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நான் அதை எல்.கே.ஜி. என்றேன்.

வேறு எந்தப் பிலிமிலும் வராது என்று நான் சத்தியம் செய்த அந்தச் சிவப்பு, வேறு பிலிமில்தான் வந்திருந்தது. என்னிடம் அதை மெனக்கெட்டுக் கேட்டவர்களின் முகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. உடம்பெல்லாம் கூசியது. டீச்சர் என்னைப் பார்க்காமல் ஸ்கேனர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்லைடை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். நேராக நண்பன் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

நண்பன் வீட்டு வாசலில் மூட்டையும் அட்டைப் பெட்டியுமாகக் கிடந்தது. அவன் மனைவி என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே! இத்தன நாளா வழி தெரியலியா?" என்று சிரித்தார். எதுவுமே நடக்காத மாதிரி. அதுவே என்னைப் பாதி கொன்றது. அவன் பின்கட்டில் பலாமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் காகிதத்தைப் பிரித்து அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் பார்த்தான். கயிற்றை விட்டான்.

"மவுன்ட்ட எதுக்குய்யா பிரிக்கச் சொன்ன?" என்றான்.

"என் ரோலு என்ன ஆச்சு?"

"கறுப்பு. முழுக்கக் கறுப்பு. உள்ள ஒரு படம் விழல."

"ஏன்யா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். உன் சம்சாரம் வாசல்லயே நின்னு, படம் வந்துச்சாண்ணே, சித்தப்பா குடுத்த பிலிம்ல படம் வந்துச்சாண்ணேன்னு கேட்டுச்சு. நீ மைன்ஸ் பூரா சொல்லி வச்சிருந்த. எனக்கு வாய் வரல. என்னோடத உன் டப்பாவுல போட்டுக் குடுத்துட்டேன். நாலு நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"அப்புறமாவது சொல்லக்கூடாதா?"

"எங்கய்யா சொல்ல விட்ட? நீ சும்மாவா இருந்த?"

நான் அங்கேயே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ரோலைக் கெடுத்தவன், ரோலைக் கெடுத்தவன் என்று நான் சொன்னது எல்லாம் எனக்கே காதில் கேட்டது. அவன் பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்கிறேன். அவன் மகன் கல்யாணத்தில், மாப்பிள்ளையைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கின அவனைப் பார்த்து, "பாத்துய்யா, வெளிச்சம் பட்டுடப் போவுது" என்று சம்பந்தி வீட்டார் நடுவில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவனும் சேர்ந்து சிரித்தான்.

"அப்போ ரூலு?" என்றேன்.

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? இப்ப வர்றவன் எல்லாம் விவரமானவன். நெல்லிக்குப்பத்துக்காரர் அன்னிக்கே சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, சார் காட்டினது அந்தப் பிலிம் மாதிரி இல்லியே, நெறம் மங்கிக் கிடக்கே, அந்தப் பிலிம் மங்காதாமேன்னு கேட்டாரு. நாலு பேர் நடுவுல உன்னையே கேட்டுட்டா? அதான் பேச்சையே எடுக்க வேணாம்னு போட்டேன்."

மங்கித்தான் இருந்தது. அதை அந்திநேர நிறம் என்று நான் வர்ணித்துக்கொண்டிருந்தேன், தெரியுமா? அழுகை வந்துவிட்டது. வயதான காலத்தில், பெட்டிகளுக்கு நடுவில், துண்டுகூட இல்லாமல் சட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அவனுக்கு அழுகிறவர்களைச் சமாதானப்படுத்தத் தெரியாது. கயிற்றை எடுத்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தான்.

"குரூப்புல எழுதிடறேன்" என்றேன். "எடுத்தது நீதான்னு. எல்லாருக்கும் தெரியட்டும்."

"ஒண்ணும் எழுத வேணாம்."

"இல்ல, எழுதுவேன்."

"எழுதினா அழிச்சிடுவேன். அந்தப் பிலிமப் பத்திப் பேசக்கூடாதுன்னு ரூலு இருக்கா இல்லியா?"

அவன் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. ஸ்லைடை அவன் கையில் வைத்தேன். "இதையாவது வச்சுக்க. உன் படம்."

அவன் அதைக் காகிதத்தோடு என் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டான். "அது உன் பொண்டாட்டி படம்யா. ஓசூருக்குக் கொண்டு போயி நான் என்ன பண்றது?"

பிறகு ஏதோ நினைவு வந்ததுபோலச் சொன்னான். "லென்ஸப் பாக்கலன்னு அந்தம்மாவ ஊர் பூரா சொல்லிகிட்டுத் திரிஞ்சியே, அதான் எனக்குத் தாங்காது. இந்தப் பக்கம் பாருங்கன்னு ரெண்டு வாட்டி கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. நீ எனக்கு வலது பக்கம் நின்னுகிட்டு இருந்த."

திரும்பும் வழியில் டீச்சருக்குப் போன் செய்து, கண்காட்சியில் அந்தப் படம் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததும் ஒரு அடிதான். அவன் அழிப்பதற்குள் குழுவில் எத்தனை பேர் பார்த்தார்கள், யாருக்கெல்லாம் புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீக்கடையில் யாராவது சிரித்தால் இப்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படத்தின் முன்னால் போய் நின்றேன். சக்கரம், சாமந்தி, மங்கிப்போன சிவப்பு. வலது ஓரமாகப் போகிற அந்தப் பார்வை.

"அவரப் பாத்தீங்களா? பேசினீங்களா?" என்றாள்.

"பேசினேன்." படத்தைக் காட்டினேன். "இந்தப் படம் நான் எடுத்தது இல்ல. என் ரோல்ல ஒண்ணுமே விழல. இது அவன் எடுத்தது."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். இனி வரப் போகிற கேள்விகளுக்கு எல்லாம் நான் தயாராக நின்றேன். சித்தப்பா கொடுத்த பிலிமா வீணாய்ப் போனது என்பாள், இத்தனை வருடம் ஊரெல்லாம் ஏன் தம்பட்டம் அடித்தீர்கள் என்பாள். அவள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்போ கேமரா பின்னாடி நீங்க நிக்கல."

"இல்ல."

"எங்க நின்னீங்க?"

படத்தின் வலது ஓரத்துக்கு வெளியே, சுவரில் கை வைத்துக் காட்டினேன்.

"நான் அதத்தான சொல்லிகினு இருந்தேன்" என்றாள். "நீங்கதான் நம்பல."